நாலாம் மாடியில் கழிவே இல்லை

சாப்பாட்டுக் கழிவுத் தொட்டியில் நாலாம் மாடியின் அட்டையைக் காட்டியதும் எந்திரம் ஒரு முனகல் முனகிவிட்டு மூடியைத் திறந்தது. தாசோம் மூச்சை அடக்கிக்கொண்டு வாளியைக் கவிழ்த்தாள். மிச்சச் சோறு, கிம்ச்சி ஊறுகாய்த் தண்டு, யாரோ ஒரு கடி கடித்துவிட்டு எறிந்த அவித்த முட்டை எல்லாம் ஒன்றாகச் சரிந்து விழுந்தன. மூடி தானாக மூடிக்கொண்டது. சின்னத் திரையில் எண் ஓடி நின்றது. நாலு கிலோ முந்நூறு.

"நாசமாப் போச்சு," என்றாள் தாசோம்.

பின்னால் வாளியோடு காத்து நின்றவள் மூன்றாம் மாடித் தலைவி கியூரி. அவள் கொட்டியபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம் காட்டியது.

"எங்க மாடியிலயும் இன்னிக்குக் கொஞ்சம் அதிகம்தான்க்கா," என்று அக்கறையாகச் சொன்னாள் கியூரி. "உங்க மாடியில எல்லாரும் நல்லாச் சாப்பிடற பொண்ணுங்க போல. உடம்புக்கு நல்லதுதான்."

நல்லாச் சாப்பிட்டால் கழிவு ஏன் வருகிறது என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். அது தாசோமுக்குப் படியேறும்போதுதான் தோன்றியது. உறைக்கிற பதில்கள் எல்லாம் அவளுக்கு எப்போதும் ஒரு மாடி தாமதமாகத்தான் வரும்.

அந்த மகளிர் விடுதிக்கு ஏழு மாடி. அக்டோபர் நடுவில் தொடங்கி ஆறு வாரத்துக்கு, 'மிச்சம் வைக்காத மாடி' என்று ஒரு போட்டி வைத்திருந்தார்கள். மாடிக்கு ஒரு அட்டை. அட்டையைக் காட்டிக் கொட்டினால் எடை தானாகக் கணினிக்குப் போய்விடும். மறுநாள் காலை, கீழ்த்தளக் கூடத்துப் பெரிய திரையில் ஏழு மாடிகளின் எண்களும் வரிசையாக நிற்கும். மேலே பச்சை எழுத்தில் பூமியைக் காப்போம் என்று ஒரு வரி. பூமிக்கு என்ன லாபமோ தெரியாது, பெண்கள் காலையில் முகம் கழுவும் முன் அந்தத் திரையைப் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

தாசோமுக்கு அந்த எண் வெறும் எண் இல்லை. அந்த விடுதியில் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. நல்லது செய்தால் நற்புள்ளி, விதியை மீறினால் தண்டப்புள்ளி. நற்புள்ளி வந்தால் அந்த அளவுக்குத் தண்டப்புள்ளி கழியும். டிசம்பரில் அடுத்த அரையாண்டுக்கு அறைப் பட்டியல் போடும்போது, ஐந்து தண்டப்புள்ளிக்கு மேல் நிற்பவளின் பெயர் வராது. தாசோமின் பெயரில் பன்னிரண்டு நின்றது. செப்டம்பரில் அறைத்தோழி உன்சேயின் பிறந்தநாளுக்குக் கடற்பாசிச் சூப் வைக்கிறேன் என்று அறைக்குள்ளேயே மின்சாரச் சட்டியைச் செருகி, மாடி முழுக்க விளக்கை அணைத்த பெருமைக்கு எட்டு. மாலையில் ஆஜர் எடுக்கும்போது இரண்டு முறை காணாமல் போனதற்கு நாலு. போட்டியில் ஜெயிக்கிற மாடியின் தலைவிக்குப் பத்து நற்புள்ளி என்று அறிவிப்பு ஒட்டிய அன்றே அவள் தலைவி பதவிக்குப் பெயர் கொடுத்தாள். எதிர்த்து நிற்க ஆளில்லை. வாளி தூக்கும் பதவிக்கு யார் அடித்துக்கொள்வார்கள்?

அவள் ஊர் தெற்குக் கோடியில் ஒரு தீவு. இந்தச் சுன்சொன் நகரிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகும். வெளியே அறை எடுப்பதென்றால் அப்பாவின் பாசிப் படகை விற்று முன்பணம் கொடுக்க வேண்டும். அதனால் விடுதியில் இடம் போனால் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்ப் பாசி காயப்போட வேண்டியதுதான். ஒரே ஒரு அரையாண்டு என்று சொல்லிப் போனவர்கள் திரும்பியே வராத கதை அவளுக்கு இரண்டு மூன்று தெரியும். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாடம் நடக்கும்போதும் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு, இந்நேரம் மாடியில் யார் என்ன வரவழைத்துத் தின்றுகொண்டிருக்கிறாளோ என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

முதல் இரண்டு வாரம் அவள் நேர்மையாகவே பாடுபட்டாள், அதைச் சொல்லிவிட வேண்டும். மூன்று பேர் சேர்ந்து ஒரு கிண்ணம் வரவழையுங்கள் என்று அறை அறையாகப் போய்க் கெஞ்சினாள். சாப்பாடு வரவழைக்கும்போது கடைக்காரருக்கு இலவச ஊறுகாய் வேண்டாம் என்று எழுதச் சொல்லிக் கொடுத்தாள். ஒன்பது கிலோவாக இருந்தது நாலரைக்கு வந்தது. சும்மா இல்லை, பாதிக்குப் பாதி. ஆனால் திரையில் நாலரை என்பது ஐந்தாம் இடம். பாதியாகக் குறைத்தவள் என்று யாரும் கைதட்டவில்லை, ஐந்தாவது என்றுதான் பார்த்தார்கள்.

வாளி கொட்டிய மறுநாள் மதியம். மாடியின் பொதுச் சமையலறையில் உன்சேயும் இன்னும் மூன்று பேரும் மாலா சூப் வரவழைத்திருந்தார்கள். நாக்கு மரத்துப்போகும் காரம், மேலே இரண்டு விரல் தடிமனுக்குச் சிவப்பு எண்ணெய், உள்ளே பட்டையான கண்ணாடி நூடுல்ஸ். யாரும் அதை முழுக்கக் குடிப்பதில்லை. உன்சே மிச்சத்தைக் கழுவுத்தொட்டியில் சாய்த்தாள். வடிகட்டி ஐந்தே நொடியில் நிறைந்து, சிவப்புக் குழம்பு மேலே தளும்பி நின்றது. வடிகட்டியைத் தூக்கி வாளியில் தட்டினாள். மறுபடி ஊற்றினாள், மறுபடி தட்டினாள்.

தாசோம் அந்த வடிகட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சிக்குவதெல்லாம் வாளிக்குப் போகிறது, வாளி தொட்டிக்குப் போகிறது, தொட்டி திரைக்குச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் உள்ளங்கை அளவு தகரச் சல்லடை.

எல்லோரும் போனபின் அதைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வடிகட்டி எங்கடி?" என்றாள் உன்சே மாலையில்.

"கழுவ எடுத்திருக்கேன்."

"எப்பப் போடுவ?"

"போட்டி முடிஞ்சதும்."

உன்சே ஒரு கணம் பார்த்தாள், பிறகு சிரித்தாள். அவ்வளவுதான். மாடி முழுக்க விஷயம் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இதற்கெல்லாம் சொல்லவே வேண்டாம். நூடுல்ஸை விரலால் தள்ளிவிட்டு வெந்நீரைத் திறந்துவிட்டால் மாயமாய் மறைந்துவிடுகிறது. மூன்று பேர் சேர்ந்து ஒரு கிண்ணம் என்ற வம்பும் போயிற்று. ஆளுக்கொரு கிண்ணம் வந்தது.

எண் இரண்டானது, ஒன்றே காலானது, ஒரு நாள் எண்ணூறு கிராமில் வந்து நின்றது. விடுதி மேலாளர் பாங் கூடத்தில் அவளை நிறுத்தி வைத்துக் கைகுலுக்கினார். மாணவர் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்து படம் எடுத்து, ரகசியம் என்ன என்று கேட்டாள். மனசு வெச்சா முடியும் என்று சொன்னாள் தாசோம். அச்சில் அதைப் பார்த்தபோது அவளுக்குக் காது சூடாயிற்று.

எண் குறைந்தால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. கழுவுத்தொட்டி கொஞ்ச நாளாகத் தண்ணீரை மெதுவாக விழுங்கியது. அவள் போய்ப் போய்க் காது கொடுத்துக் கேட்டாள். குழாய்க்குள் தொண்டை அடைத்தவர் இருமுவது போலச் சத்தம். இதற்கிடையே இரண்டு முறை தொட்டியில் புது வடிகட்டி ஒன்று முளைத்திருந்தது. எந்த யோக்கியசிகாமணி வேலை இது என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டையும் கழற்றினாள்.

ஆறாவது வாரம் திடீரென்று குளிர் இறங்கியது. வியாழக்கிழமை காலை அழுக்குத்துணிக் கூடையோடு தாசோம் அடித்தளத்துக்குப் போனாள். சலவை எந்திரங்கள் அங்கேதான். படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கதவு உண்டு. துப்புரவுப் பெண்கள் நாலு பேர் உடை மாற்றவும் சாப்பிடவும் முதுகைச் சாய்க்கவும் இருந்த அறை அது. அதற்குள் அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. அன்று கதவு விரியத் திறந்து கிடந்தது.

தரையில் கணுக்கால் அளவுக்குச் சிவப்புத் தண்ணீர். நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. பெண்கள் நனைந்த மெத்தைகளையும் போர்வைகளையும் இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். குழாய்க்காரர் தரை ஓட்டைக்குள் விட்டிருந்த கம்பியைச் சுருட்டி இழுத்தார். கம்பியின் நுனியில் மெழுகு போல உறைந்த சிவப்பு எண்ணெய்க் கட்டி, அதில் பட்டை நூடுல்ஸ் கொத்தாகச் சுற்றியிருந்தது.

"மாலா சூப்," என்றார் குழாய்க்காரர். "இங்க யாரு அதைக் குடிக்கறது?"

"நாங்க கொண்டு வர்றது சோறும் கிம்ச்சியும்," என்றாள் சுன்ரே. நாலு பேரில் மூத்தவள், நாலாம் மாடியைப் பெருக்கித் துடைப்பவள். விடுதிப் பெண்கள் அவர்கள் எல்லோரையும் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். "அந்தக் காரத்தைத் தின்னா எங்க வயிறு என்னத்துக்கு ஆகும்?"

மேலாளர் பாங் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். காலணி நனையக் கூடாதே. "குக்கர் வெச்சிருக்கீங்க, சட்டி வெச்சிருக்கீங்க. தினம் சமையல் நடக்குது. மிச்சத்தையெல்லாம் இந்த ஓட்டையில ஊத்தினா அடைக்காம என்ன செய்யும்?"

"சார், இது மேல இருந்து இறங்கற குழாய்," என்றார் குழாய்க்காரர். "நான் மாடி மாடியாத் திறந்து பாத்துட்டேன். அஞ்சுக்கு மேல சுத்தமா இருக்கு. நாலுலேருந்துதான் எண்ணெய் படிஞ்சிருக்கு."

"நாலாம் மாடியா? நல்லாச் சொன்னீங்க போங்க. மேல வாங்க, திரையைக் காட்டறேன். முழு மாடிக்கும் நேத்து எண்ணூறு கிராம். கழிவே இல்லாத மாடியிலேருந்து கழிவு எப்படிய்யா இறங்கும்?" பாங் திரும்பினார். கூடையோடு நின்றவள் கண்ணில் பட்டாள். "இதோ, நாலாம் மாடித் தலைவியே நிக்கறா. நீயே சொல்லும்மா. உங்க மாடியில யாராவது சாப்பாட்டைக் கழுவுத்தொட்டியில கொட்டறாங்களா?"

சுன்ரே நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த போர்வையிலிருந்து சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல சார்," என்றாள் தாசோம்.

"கேட்டீங்கல்ல?" என்றார் பாங்.

அதற்குமேல் எல்லாம் வேகமாக நடந்தது. இனி அடித்தள அறையில் சமைக்கக் கூடாது என்று பாங் அங்கேயே எழுதிக் கதவில் ஒட்டினார். நாலு பேர் பெயரிலும் ஒப்பந்தக் கம்பெனிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் போனது. பலகைமேல் நனையாமல் தப்பித்திருந்த சோற்றுக் குக்கரைக் காவலாளி ஒயரோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு போனார். காலை ஐந்து மணிக்கு வேலைக்கு வந்து பதினொரு மணிக்குச் சூடாக ஒரு வாய் சாப்பிடுகிறவர்கள் நாலு பேரும் அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாசோம் துணியைத் துவைக்காமலே கூடையோடு மேலே ஏறிப் போய்விட்டாள். அவள் செய்ததிலேயே கேவலமானது அந்த இரண்டு சொல்தான். வடிகட்டியைக் கழற்றியதையாவது விளையாட்டுப் புத்தி என்று சொல்லலாம்.

அன்று மாலையே வடிகட்டியைக் கழுவுத்தொட்டியில் பொருத்தினாள். மறுநாள் மூன்று கிலோ அறுநூறு காட்டியது. உன்சே அறைக்கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வந்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? இன்னும் அஞ்சு நாள்தான். கையில வந்ததைக் கோட்டை விடப் போறியா?"

"கீழ போய்ப் பாத்தியா நீ?"

"பாத்தேன். பாவமாத்தான் இருக்கு. அதுக்கு?" உன்சே கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். "குழாயைச் சரி பண்ணிட்டாங்க. மெத்தையெல்லாம் காஞ்சுடும். உன் இடம் போனா திரும்பி வருமா? நீ போயிட்டா நான் யாரோ ஒருத்தியோட குறட்டையைக் கேட்டுக்கிட்டுக் கெடக்கணும். எனக்காகச் சூப் வெச்சுத்தானே உனக்கு அந்தப் புள்ளியே விழுந்தது."

"நான் எதையும் சொல்லப் போறதில்ல. வடிகட்டியைப் போட்டேன், அவ்வளவுதான்."

"சரி, போட்டா போட்டதுதான். சராசரி போட்டுப் பாத்தேன். இனிமே தினம் நாலு கிலோ வந்தாலும் நாமதான் ஜெயிப்போம். நீ வாயை மட்டும் மூடிக்கிட்டு இரு."

வாயை மூடிக்கொண்டு இருப்பது சுலபமான வேலை என்றுதான் தாசோமும் நினைத்தாள். ஆனால் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நூலகத்தில் நாற்காலி மாறி மாறி உட்கார்ந்தாள். சமையலறைக்குப் போய், வடிகட்டி இருக்கிறதா என்று பார்த்தாள். யாரும் தொடவில்லை. அதைப் பார்த்த பிறகும் படபடப்பு அடங்கவில்லை. கடைசியில் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு பெட்டி சத்துப்பானம் வாங்கினாள். நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் காரியம் சாதிக்கவும் அந்த ஊரில் எல்லோரும் நீட்டுவது அந்தப் பத்துப் பாட்டில் பெட்டிதான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு சுன்ரே வெளிப்புற அவசரப் படிக்கட்டில் உட்கார்ந்து கடையில் வாங்கிய கிம்பாப் சோற்றுச் சுருளைத் தின்றுகொண்டிருந்தாள். குளிரில் சோறு கெட்டியாகிப் போயிருந்தது. ஒவ்வொரு துண்டையும் வாயில் வெகுநேரம் வைத்திருந்து மென்றாள். அடித்தள அறையில் நாற்றம் இன்னும் போகவில்லை, மற்ற மூவரும் வெயில் தேடிப் போயிருந்தார்கள்.

"சித்தி, இது உங்களுக்கு," என்று பெட்டியை நீட்டினாள் தாசோம்.

சுன்ரே பெட்டியைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை. "எதுக்கு?"

"சும்மாதான். குளிருதே."

"இதை நாங்க குடிக்கணும். அப்புறம் பாட்டிலைக் கழுவணும், மூடியைத் தனியாப் பிரிக்கணும், அட்டையைத் தட்டையா மடிச்சுக் கட்டணும். அதுவும் எங்க வேலைதான். நீயே எடுத்துட்டுப் போ."

தாசோம் போகவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"வடிகட்டியைப் போட்டுட்ட போல," என்றாள் சுன்ரே. "நானும் என் கைக்காசுல ரெண்டு தடவ புதுசு வாங்கிப் போட்டேன். ரெண்டு தடவையும் காணோம்."

தாசோமுக்கு முகம் முழுக்க ரத்தம் ஏறியது. "அது நீங்களா? அப்போ அன்னிக்கு... மேலாளர் கேட்டப்ப நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல? உனக்கு அந்தத் திரை சாட்சி. எனக்கு யாரு சாட்சி? டிசம்பரோட எங்க ஒப்பந்தம் முடியுது. யாரை வெச்சுக்கறது, யாரை அனுப்பறதுன்னு பட்டியல் போடுவாங்க. படிக்கற பிள்ளைங்க மேல பழி போட்டவன்னு பேர் வந்தா என் பேர் அதுல இருக்குமா?"

"உங்களுக்கும் பட்டியலா?"

"ஏன், உனக்கு மட்டும்தான் இருக்கும்னு நெனச்சியா?"

சுன்ரே மடியில் விழுந்த எள்ளைத் தட்டிவிட்டு எழுந்தாள். கிம்பாப் சுற்றியிருந்த தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. வேலை நேரம் ஆகிவிட்டது, அதனால் போனாள். திட்டியிருந்தால் தாசோம் அழுதுவிட்டு ஆறியிருப்பாள்.

பரிசளிப்பு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டுக்கூடத்தில் நடந்தது. துணியில் அச்சடித்த பெரிய பதாகை, அன்று ஒரு நாளைக்கு மட்டும். மாணவர் நலத் தலைவர் வந்து பூமியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். ஜெயித்த மாடிப் பெண்களுக்குக் கொடுக்க மேடையில் நாற்பது தண்ணீர்க் குடுவைகள் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். நாலாம் மாடியில் இதுபோன்ற இலவசக் குடுவை ஆளுக்குக் குறைந்தது மூன்று ஏற்கெனவே இருந்தது. கூடத்தின் ஓரத்தில் துப்புரவுப் பெண்கள் நாலு பேரும் துடைப்பத்தோடு நின்றார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் சுத்தம் செய்ய வேண்டுமே.

"இதெல்லாம் எப்படி நடந்துச்சுன்னு தலைவியே நாலு வார்த்தை சொல்லட்டும்," என்று மைக்கைத் தாசோமிடம் கொடுத்தார் பாங்.

தாசோம் மைக்கை வாங்கினாள். முன்வரிசையில் உன்சே லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம்.

"எங்க மாடியோட எண் பொய்," என்றாள் தாசோம். "கழுவுத்தொட்டி வடிகட்டியை நான்தான் கழட்டி ஒளிச்சு வெச்சேன். மாடி மிச்சம் எல்லாம் குழாயில போச்சு. சித்திங்க அறையில பொங்கினது எங்க சூப்தான். கொட்டறீங்களான்னு மேலாளர் கேட்டப்ப இல்லைன்னு சொன்னேன். அதுவும் பொய்."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு அதுவும் நின்றது. மாணவர் நலத் தலைவர் பாங்கைப் பார்த்தார். "என்ன குழாய்? என்ன பொங்கிச்சு?"

"ஒண்ணுமில்ல சார், சின்ன விஷயம்," என்றார் பாங். "அப்புறம் பேசிக்கலாம்மா. முதல்ல ஃபோட்டோ எடுத்துடலாம்."

மூன்றாம் மாடி மேசையில் கியூரி நிமிர்ந்து உட்கார்ந்து முடியைச் சரி செய்துகொண்டாள். இரண்டாம் இடம் அவர்களுடையது. "அக்கா, நாம மிச்சத்தைப் பஸ் நிறுத்தக் குப்பைத்தொட்டியில போட்டதையும் இப்ப சொல்லணுமா?" என்று பக்கத்தில் ஒரு முதலாண்டுப் பெண் கேட்டாள். ரகசியமாகத்தான் கேட்டாள். கூடம் அவ்வளவு அமைதியாக இருந்தது அவள் குற்றமில்லை. கியூரி அவள் தொடையைக் கிள்ளினாள், ஆனால் தாமதம். மேடைவரை கேட்டுவிட்டது.

பாங் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். முகம் சுண்டிப் போயிருந்தது. "உனக்கு எத்தனை தண்டப்புள்ளி நிக்குதுன்னு தெரியுமில்ல? இதுக்கும் சேர்த்து விழும். அடுத்த அரையாண்டு உன் பேர் பட்டியல்ல வராது."

"தெரியும் சார்." குரல் உடைந்தது, ஆனால் மைக்கை விடவில்லை. ஊரில் அப்பா என்ன சொல்வார் என்ற நினைப்பு வந்தது. "அவங்க குக்கரை இன்னிக்கே திருப்பிக் குடுத்துடுங்க. கம்பெனிக்கு எழுதின கடிதத்தை மாத்தி எழுதுங்க. தப்பு எங்களோடதுன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

ஓரத்திலிருந்து சுன்ரே ஓரடி முன்னால் வந்தாள். "குக்கர் காவலாளி அறையில இருக்கு," என்றாள், யாரும் கேட்காமலே. "நானே எடுத்துக்கறேன். கடிதத்தோட நகல் ஒண்ணு எங்க கையில குடுக்கணும்."

மாணவர் நலத் தலைவர் எழுதித் தரச் சொன்னார். பாங் தலையசைத்தார், வேறு வழியில்லை. முன்வரிசையில் உன்சே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "பைத்தியக்காரி, பைத்தியக்காரி," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தது கேட்டது.

தலைவருக்கு மனசு ஆறவில்லை. பேச்சில் அத்தனை அழகாகச் சொன்னதெல்லாம் வீணாகிவிட்டதே என்ற வருத்தம். "ஆறு வாரம் நடத்தினோம். அப்போ இந்தப் போட்டியால நீங்க ஒண்ணுமே கத்துக்கலையா?" என்று கேட்டார்.

தாசோம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கத்துக்கிட்டேன் சார். வாங்கும்போது குறைச்சா, தட்டுல போடும்போது குறைச்சா, அதுதான் குறைச்சது. கொட்டும்போது குறைக்கறதுன்னு ஒண்ணு கிடையாது. நம்ம கண்ணுல படாம போச்சுன்னா அது காணாம போகல சார், நமக்குக் கீழ இருக்கற யாரோ ஒருத்தர் தலையில கட்டியிருக்கோம்."